தேய்க்கக் கூடாத ஊசி: மாதக்கணக்கில் கசியும் மருந்துகளும் அவற்றை உள்ளே வைக்கும் கருவிகளும்

ஊசி போட்டு முடித்ததும் பஞ்சைக் கையில் கொடுத்து "நல்லாத் தேய்ச்சு விடுங்க" என்று சொல்வது நம் ஊர் மருத்துவமனைகளில் பழகிப்போன பேச்சு. வீட்டுக்கு வந்தால் வெந்நீர் ஒத்தடம் வேறு. காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்கு இந்த இரண்டுமே ஆகாது. அங்கே மருந்து சீக்கிரம் கலந்துவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. தேய்த்தால் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டியது பரவிப்போகும். மூன்று மாதத்துக்கு வைத்த சேமிப்பு முன்னதாகவே கரைந்துவிடலாம்.

இவ்வகை ஊசிகளை 'டெப்போ' ஊசி என்பார்கள். பஸ் டெப்போவில் வரும் அதே சொல்தான். மொத்தமாக நிறுத்திவைத்து, நேரத்துக்கு ஒன்றாக வெளியே விடும் இடம். மாத்திரை என்றால் அதன் அளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. டெப்போ மருந்து அப்படியில்லை. எந்த ஆழத்தில், எந்த உருவத்தில் அது உடலுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதும் சேர்ந்துதான் அளவு. ஆகவே இங்கே சிரிஞ்சும் ஊசியும் போடும் கையும் மருந்தின் ஒரு பகுதி. பெட்டியோடு வரும் குறிப்பேட்டில் 'செய்யாதே' என்று இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மெதுவாக்கும் வழிகள்

முதல் வழி, படிகம். சீனி வாயில் போட்டதும் கரையும், கற்கண்டு நேரம் எடுக்கும். தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தை நுண்ணிய படிகங்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், ஊசி போட்ட இடத்தில் அது குட்டிக் கற்கண்டுக் குவியலாக இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கருத்தடை ஊசியான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் அசிட்டேட், வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்ஸதீன் பென்சிலின் இரண்டும் இந்த வகை.

இரண்டாவது, எண்ணெய். மருந்தை எண்ணெயில் மட்டும் கரையும்படி மாற்றித் தசைக்குள் ஒரு எண்ணெய்த் துளியாக விட்டுவிடுவது. மனச்சிதைவு நோய்க்குத் தரும் ஃப்ளூபெனசின் டெக்கனோயேட் எந்த எண்ணெயில் வருகிறது தெரியுமா? நல்லெண்ணெய். சமையலறையில் இருப்பதன் சுத்திகரித்த வடிவம். அதனால்தான் எள் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

மூன்றாவது, கரையும் பாலிமர். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாகப் பின்னிய பி.எல்.ஜி.ஏ. என்ற பொருளுக்குள் மருந்தைப் புதைத்துவிடுகிறார்கள். மழை ஊறிய மண்சுவர் போல உடலின் நீர் உள்ளே புகுந்து சங்கிலிகளை அறுக்க, மருந்து வெளியேறும். சங்கிலியும் கடைசியில் கரியமில வாயுவும் நீருமாகிவிடும். எடுக்க வேண்டிய மிச்சம் எதுவும் இருக்காது.

நான்காவது, கரையாத குச்சி. மண்பானை நீரைக் கசியவிட்டாலும் தான் கரைவதில்லை அல்லவா, அதுபோல. 1964இல் ஜூடா ஃபோக்மனும் டேவிட் லாங்கும் சில மருந்துகள் சிலிக்கோன் ரப்பர்ச் சுவர் வழியே மெதுவாகக் கசிவதைக் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நார்பிளான்ட் என்ற ஆறு குச்சிக் கருத்தடை உள்வைப்பு. 1983இல் பின்லாந்து அதற்கு முதலில் அனுமதி தந்தது. வைப்பதைவிட அந்த ஆறையும் தேடி எடுப்பது பெரும்பாடாக இருந்தது. இன்று இலங்கைக் குடும்பநல மருத்துவ நிலையங்களில் வைக்கும் ஜடேலில் இரண்டு குச்சிகள், இம்ப்ளானானில் ஒன்றே ஒன்று. இந்த வகையில் காலம் முடிந்ததும் குச்சியை எடுத்தாக வேண்டும். பதிலுக்கு ஒரு நன்மை: வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளும் எடுத்துவிடலாம். படிகத்தையும் எண்ணெயையும் ஒருமுறை போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. பக்கவிளைவு வந்தாலும் அது தானாகத் தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

படிகம்: குலுக்கல்தான் பாதி வேலை

இந்திய அரசு 2017இல் 'அந்தரா' என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தில் தரும் கருத்தடை ஊசி, 1 மி.லி. நீரில் 150 மி.கி. மருந்து, தசையில் போடுவது. குப்பியை வைத்த இடத்தில் வைத்திருந்தால் படிகங்கள் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் உறிஞ்சினால் மேலே இருக்கும் தெளிந்த நீர்தான் சிரிஞ்சுக்குள் வரும், மருந்து குப்பியிலேயே தங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு ஊசி போட்ட கணக்கு இருக்கும், பாதுகாப்பு இருக்காது.

அடுத்த ஊசி மூன்று மாதம் கழித்து. நான்கு வாரம் வரை தாமதமானாலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. அதை வாடிக்கையாக்கிக்கொள்ளக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நிறுத்துபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கப் பாதிப் பேருக்குச் சுமார் 10 மாதமாவது ஆகும். கருப்பைக்குக் கேடு வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், படிகத்தின் கடைசித் துகள்கள் கரைந்து முடிய அவ்வளவு நாள் பிடிக்கிறது.

இதே மருந்து 104 மி.கி. அளவில் தோலடியில் போடும் சயானா பிரஸ் என்ற வடிவிலும் வருகிறது. கருவி அமைப்பின் அழகுக்கு இதைத்தான் உதாரணமாகக் காட்டலாம். சிரிஞ்சு கிடையாது, மருந்தைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் கிடையாது. ஒரு சிறு பிளாஸ்டிக் குமிழுக்குள் 0.65 மி.லி. மருந்து, அதோடு ஒட்டிய குட்டை ஊசி. முதலில் சுமார் 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். பிறகு ஊசி மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, மூடிக்கும் கருவியின் கழுத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மறையும்வரை மூடியை அழுத்தித் தள்ள வேண்டும். உள்ளே ஊசியின் மறுமுனை குமிழின் அடைப்பைக் குத்தித் துளைப்பது அப்போதுதான். மூடியைக் கழற்றி, தொடையின் முன்புறத் தோலையோ வயிற்றுத் தோலையோ கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, கருவியின் கழுத்து அந்தத் தோலைத் தொடும்வரை ஊசியைச் செலுத்தி, குமிழை 5 முதல் 7 விநாடி மெதுவாக நசுக்கினால் முடிந்தது. எவ்வளவு நசுக்கினாலும் மருந்து வரவில்லை என்றால், பெரும்பாலும் மூடியைத் தள்ளிய படி பாதியில் நின்றிருக்கும்.

பென்ஸதீன் பென்சிலின் இதைவிட முரட்டுத்தனமானது. 12 லட்சம் யூனிட்டைக் கலக்கினால் பால்போல் கெட்டியான கலவை. நடுவில் ஒரு கணம் நிறுத்தினாலும் படிகங்கள் ஊசித் துளையில் வந்து அடைத்துக்கொள்ளும். மெதுவாக, ஆனால் நிற்காமல் செலுத்த வேண்டும். இது தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் இதயமும் மூச்சும் நிற்கும் ஆபத்து இருக்கிறது. ஆழ்ந்த தசை தவிர வேறு எங்கும் இதற்கு இடமில்லை.

எண்ணெய்: ஈரம் ஆகாது

நல்லெண்ணெயில் கரைந்த ஃப்ளூபெனசினுக்குச் சிரிஞ்சும் ஊசியும் எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் இருந்தாலும் மருந்து கலங்கிவிடும். எண்ணெய் தடிமனானது என்பதால் 21 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த ஊசி தேவை. புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும் விஷயம் இந்த கேஜ்: எண் ஏற ஏற ஊசி மெலிகிறது. இன்சுலின் பேனாவில் 31, தடுப்பூசிக்குப் பொதுவாக 23, கீழே வரப்போகும் ஒரு கருவியில் 14.

எண்ணெய்க்கு இன்னொரு குணம், வந்த வழியே திரும்பிக் கசிவது. கசிந்தால் அளவு குறையும், தோலும் வலிக்கும். அதைத் தடுக்கும் முறைக்குச் செவிலியர் பாடத்தில் 'இசட் டிராக்' என்று பெயர். புட்டத்தின் தோலை ஒரு பக்கமாக 2.5 முதல் 4 செ.மீ. வரை இழுத்துப் பிடித்து, நேர்குத்தாக ஊசியைச் செலுத்தி, ஒரு மி.லி.க்குச் சுமார் 10 விநாடி என்ற வேகத்தில் மருந்தைவிட்டு, மேலும் 10 விநாடி அப்படியே வைத்திருந்து, ஊசியை எடுத்த பிறகுதான் தோலை விட வேண்டும். தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது உள்ளிருக்கும் பாதை கோணலாகி அடைபட்டுவிடும். பிறகு பஞ்சால் அழுத்தலாம். தேய்ப்பது இங்கேயும் கூடாது.

டெப்போ எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, மனச்சிதைவு நோய்க்கே தரும் ஓலான்சபின் பமோயேட் கடுமையான சான்று. இது எண்ணெயல்ல, கரைவது கடினமான உப்பு. தசையில் வாரக்கணக்கில் நீடிக்கும் இந்த உப்பு, குத்துபட்ட இரத்தக்குழாயிலிருந்து கசிந்த இரத்தத்தில் பட்டால் மளமளவென்று கரையும். வாரக்கணக்குக்கு வைத்தது சில மணி நேரத்தில் மூளைக்குப் போய், ஆழ்ந்த மயக்கமும் குழப்பமும் வரும். அரிதுதான், ஆனாலும் முன்கூட்டித் தெரியாது. எனவே ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 3 மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி.

கரையும் பாலிமர்: தூளாகவும் குச்சியாகவும்

புரோஸ்டேட் புற்றுநோய், கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோய் முதலியவற்றுக்குத் தரும் லியூப்ரோலைடு பாலிமர் நுண்துகளாக வருகிறது. நீரில் கலந்துவைத்தால் பாலிமர் அப்போதே சிதையத் தொடங்கிவிடும் என்பதால், தூளையும் நீரையும் ஒரே சிரிஞ்சின் இரு அறைகளில் பிரித்துவைத்திருப்பார்கள். ஊசி மேல்நோக்கி இருக்க, பிளஞ்சரை 6 முதல் 8 விநாடி மெதுவாக அழுத்தினால், பின்னறை நீர் நடுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னறைத் தூளில் போய்ச் சேரும். சிரிஞ்சைச் சாய்க்காமல் மெல்ல ஆட்டிப் பால்நிறம் சீராக வந்ததா என்று பார்க்க வேண்டும். தூள் ஓரத்தில் ஒட்டியிருந்தால் விரலால் தட்டலாம். கலந்த கையோடு போட்டுவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்தால் துகள் அடியில் படிந்திருக்கும்.

கோசெரலின் குச்சி வேறு ரகம். ஜோலடெக்ஸ் என்ற பெயரில் 28 நாளுக்கு 3.6 மி.கி., 12 வாரத்துக்கு 10.8 மி.கி. என இரு அளவுகள். அரிசி மணியைவிடச் சற்று நீண்ட வெள்ளைக் குச்சி, ஊசிக்குள்ளேயே ஏற்றித் தயாராக வரும். குச்சி உள்ளே போக வேண்டும் என்பதால் ஊசியும் தடிமன்: சிறியதற்கு 16 கேஜ், பெரியதற்கு 14. பார்த்ததும் நோயாளி மிரள்வது இயல்பு. தோலை மரத்துப்போகச் செய்யும் மருந்தை முன்னதாகப் போடலாம். போட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நோயாளி முதுகைச் சற்று உயர்த்திச் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். உறையைப் பிரித்ததும் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் குச்சியின் ஒரு பகுதியாவது தெரியும். பிளாஸ்டிக் பாதுகாப்புத் துண்டை இழுத்தெடுத்து, ஊசி மூடியைக் கழற்றலாம். இந்த இடத்தில்தான் அனுபவசாலிகள்கூடத் தவறு செய்கிறார்கள். திரவ ஊசியில் பழகிய விரல், காற்றை வெளியேற்ற பிளஞ்சரை லேசாக அழுத்தப் போகும். இங்கே வெளியேற்றத் திரவமே இல்லை. அழுத்தினால் காற்று போகாது, குச்சிதான் நகர்ந்து வெளியே வரும்.

இடம், தொப்புள் கோட்டுக்குக் கீழே வயிற்றின் முன்சுவர். தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியின் சாய்வெட்டு முகம் மேலே பார்க்க, 30 முதல் 45 பாகைச் சாய்வில், பாதுகாப்பு உறை தோலைத் தொடும்வரை ஒரே சீராகச் செலுத்த வேண்டும். தசைக்குள் போகக் கூடாது, வயிற்றறைக்குள் போகவே கூடாது. உறிஞ்சிப் பார்க்கத் தேவையில்லை. பெரிய இரத்தக்குழாயைத் துளைத்திருந்தால் சிரிஞ்சின் அறையில் இரத்தம் உடனே தானாகத் தெரியும். தெரிந்தால் ஊசியை எடுத்து அழுத்திப் பிடித்துவிட்டு, புதிய சிரிஞ்சால் வேறு இடத்தில் போட வேண்டும். அந்தப் பகுதியில் வயிற்றுச் சுவரின் கீழ்த் தமனி ஓடுகிறது. மெலிந்தவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். போட்ட பிறகு வயிறு வீங்கினாலோ வலி ஏறினாலோ தலை சுற்றினாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

பிளஞ்சரை இனி அழுத்த முடியாது என்னும்வரை முழுதாக அழுத்த வேண்டும். அரைகுறையாக விட்டால் இரண்டு கோளாறுகள் ஒன்றாக வரும். குச்சி முழுதாக இறங்காது, ஊசியை மூடும் உறையும் வெளியே சறுக்கி வராது. எடுத்த ஊசியை உறை மூடவில்லை என்பதைக் கண்டால், குச்சி உள்ளே இறங்கியதா என்பதையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும்.

லியூப்ரோலைடு, கோசெரலின் இரண்டுக்கும் பொதுவான ஒரு விசித்திரம்: ஆண் ஹார்மோனைக் குறைக்கப் போடும் மருந்து முதல் வாரத்தில் அதை ஏற்றிவிடும். பிறகுதான் மூன்று வாரமளவில் அடிமட்டத்துக்கு வரும். எலும்பில் பரவிய புற்றுநோய் இருப்பவருக்கு அந்த ஏற்றத்தில் வலி கூடலாம், சிறுநீர் அடைக்கலாம், தண்டுவடம் நசுங்கிக் கால் மரக்கலாம். அதைத் தடுக்கத்தான் மருத்துவர் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு வேறொரு மாத்திரை தருகிறார். ஊசிதான் போட்டாயிற்றே என்று அந்த மாத்திரையை விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஒற்றைக் குச்சி: ஆழம்தான் எல்லாம்

இம்ப்ளானான் குச்சியின் நீளம் 4 செ.மீ., தடிமன் 2 மி.மீ. எத்திலீன் வினைல் அசிட்டேட் பாலிமர் உள்தண்டில் 68 மி.கி. எட்டோனோஜெஸ்டிரல் என்ற கருத்தடை ஹார்மோன். மேலே அதே பாலிமரால் 0.06 மி.மீ. மெல்லிய தோல். கசிவின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அந்தத் தோல்தான். ஐந்தாறு வாரத்தில் நாளுக்கு 60–70 மைக்ரோகிராம், முதலாண்டு முடிவில் 35–45, மூன்றாமாண்டு முடிவில் 25–30. ரிஃபாம்பிசின், கார்பமசபின், ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கசிவைக் கல்லீரல் வேகமாக அழித்துவிடும். காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து எடுக்கும் பெண்ணிடம் கருவியைத் திறக்கும் முன் கேட்க வேண்டியது இது.

அதிகம் பழகாத கையில் வைப்பார்கள். படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தலைக்கடியில் வைக்கச் சொல்ல வேண்டும். முழங்கையின் உட்பக்க எலும்பு முனையிலிருந்து தோள் நோக்கி 8 முதல் 10 செ.மீ. அளந்து, இரு தசைகளுக்கிடையே இருக்கும் பள்ளத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. பின்னே தள்ளிப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன, விலகிப் போவது அதற்காக. தோள் பக்கம் இன்னும் 5 செ.மீ. தள்ளி இரண்டாவது புள்ளி, திசை காட்ட. குச்சி போகும் வழி நெடுக, மரத்துப்போகச் செய்ய 1 சதவீத லிக்னோகெய்ன் சுமார் 2 மி.லி.

30 பாகைக்கும் குறைந்த சாய்வில் ஊசி நுனியைத் தோலுக்குள் நுழைத்ததும் கருவியைக் கிடையாகத் தாழ்த்த வேண்டும். பிறகு ஊசி நுனியால் தோலை மேலே தூக்கிக்கொண்டே முழு நீளத்துக்கும் செலுத்த வேண்டும். கருவியை மேலிருந்து பார்க்காமல், உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் ஊசி தோலுக்கு அடியிலேயே நகர்வது கண்ணுக்குத் தெரியும். தூக்காமல் தள்ளினால் நுனி கீழிறங்கித் தசைக்குள் போகும்.

அடுத்த படியைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தக் கருவி குச்சியைத் தள்ளுவதில்லை. ஊதா நிறச் சறுக்கியை அழுத்திப் பின்னே இழுக்கும்போது, குச்சியை உள்ளிருக்கும் தண்டு அசையாமல் பிடித்திருக்க, ஊசிதான் அதன்மேலிருந்து உருவிக்கொண்டு வருகிறது. தலையணையை அப்படியே வைத்துவிட்டு உறையை மட்டும் உருவுவதுபோல. எனவே சறுக்கி கடைசிவரை வரும்வரை கருவியை அசைக்கக் கூடாது. பாதியில் கையை எடுத்தால் ஊசியோடு குச்சியும் வெளியே வந்துவிடும்.

உடனே இரு முனைகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணையும் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய மாதிரிக் கருவியில் குச்சி யாருக்கும் தெரியாமல் நழுவி விழுந்து, வெறும் ஊசி குத்தப்பட்டுக் கர்ப்பமான நிகழ்வுகள் உண்டு. புதிய கருவியை வடிவமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதைய குச்சியில் பேரியம் சல்பேட் சேர்த்திருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியும். விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் உறுதியாகும்வரை வேறு கருத்தடை தேவை. மிக அரிதாக, இரத்தக்குழாய்க்குள் வைக்கப்பட்ட குச்சி நுரையீரல் தமனிவரை போயிருக்கிறது. கையில் போட்ட இறுக்கமான துணிக்கட்டு 24 மணி நேரம் இருக்க வேண்டும், சிறிய பிளாஸ்திரி 3 முதல் 5 நாள். மாதவிடாயின் முதல் 5 நாளுக்குள் வைத்தால் பாதுகாப்பு அன்றே தொடங்கும், மற்ற நாள்களில் 7 நாள் ஆணுறை வேண்டும்.

சரியான ஆழத்தில் வைத்தால் எடுப்பது சில நிமிட வேலை. தட்டுப்படாத குச்சியைத் தேடிக் கத்தி வைக்கவே கூடாது, முதலில் படமெடுக்க வேண்டும். மரத்துப்போகும் மருந்தைக் குச்சிக்கு அடியில் போட வேண்டும். மேலே போட்டால் தோல் வீங்கிக் குச்சி விரலுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். தோள் பக்க முனையை விரலால் அழுத்தினால் முழங்கை பக்க முனை மேலெழும். அங்கே கையின் நீளவாக்கில் 2 மி.மீ. கீறல், பிறகு மெல்ல முன்னே தள்ளினால் நுனி வெளியே எட்டிப்பார்க்கும், இடுக்கியால் பிடித்து இழுக்கலாம். சுற்றிலும் நார்த்திசு உறை வளர்ந்திருந்தால் அதைக் கீறி விலக்க வேண்டும். வெளியே வந்த குச்சியைக் குப்பையில் போடும் முன் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். 4 செ.மீ. இல்லையென்றால் ஒடிந்த மீதி இன்னும் கைக்குள்தான் இருக்கிறது.